சமையல் வகுப்புக்கு நிதி: ஓக்லாந்தின் குளிர்பான வரிப் பணத்தைக் கேட்டுப் பாருங்கள்

வணக்கம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஓக்லாந்தின் ஃப்ரூட்வேல் பகுதியில் லத்தீன் அமெரிக்கத் தாய்மார்களுக்கு நீங்கள் நடத்தும் சமையல் வகுப்பு, ஸ்நாப்-எட் என்ற, சத்துணவுக் கல்விக்கான கூட்டாட்சி நிதி 2025 செப்டம்பரோடு நின்றதால் முடங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

உங்கள் ஊரிலேயே ஒரு வழி இருக்கிறது. 2016 நவம்பரில் ஓக்லாந்து வாக்காளர்கள் ஒப்புக்கொண்ட சர்க்கரைக் குளிர்பான வரி, அவுன்ஸுக்கு (சுமார் 30 மில்லிலிட்டர்) 1 சென்ட். இரண்டு லிட்டர் பாட்டிலுக்குக் கிட்டத்தட்ட 68 சென்ட். அந்தப் பணம் நகரத்தின் பொது நிதியில்தான் சேரும். குழந்தைகள் நலத்துக்கு அதை எப்படிச் செலவிடலாம் என்று பரிந்துரைக்க ஒரு மக்கள் ஆலோசனைக் குழு உண்டு. அதன் கூட்டத்தில் யாரும் பேசலாம். நீங்கள் பேசாதீர்கள், அந்த அம்மாக்களையே ஸ்பானிஷில் பேச விடுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

நான் உதவிய வகுப்பில் ஓர் அம்மா, மகன் தினமும் குடிக்கும் 12 அவுன்ஸ் சோடாவில் இருக்கும் சர்க்கரையைக் கரண்டியால் அளந்து கிண்ணத்தில் போட்டார். ஏறக்குறைய பத்து தேக்கரண்டி! அடுத்த வாரமே செம்பருத்தி இனப் பூவில் செய்யும் ஹமைக்கா பானத்தை, சர்க்கரையைப் பாதியாக்கிக் கொண்டுவந்தார். நிதி கேட்கும் விண்ணப்பத்தில் இப்படி ஒரு நிகழ்ச்சியைக் கட்டாயம் எழுதுங்கள்.

அப்புறம், வகுப்பில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் இருந்தால், உங்கள் கவுன்ட்டியில் (மாவட்டத்தில்) புகையிலை வரிப் பணத்தில் இயங்கும், சிறு குழந்தைகளுக்கான ‘ஃபர்ஸ்ட் 5’ அமைப்பிடமும் கேளுங்கள்.