பையன் பேஸ்பால் ஸ்கவுட் ஆகப் போகிறானாம்: டெக்சாஸ் ஃபிரிஸ்கோவிலிருந்து எழுதிய அம்மாவுக்கு

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பதினோராம் வகுப்புப் பையன், பள்ளி பேஸ்பால் அணியில் கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவன்), கணக்கில் கெட்டி. "பெரிய பிளேயரா வரமுடியாதுன்னு எனக்கே தெரியும்மா, கோச்சாவோ ஸ்கவுட்டாவோ போறேன்" என்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு பேச்சே கூடாது என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்று நீங்கள் தவிப்பதும் புரிகிறது. ஒன்று சொல்லட்டுமா? தன் ஆட்டத்தைப் பற்றி இந்த வயதிலேயே இவ்வளவு கறாராகக் கணிக்கிற பையனிடம் ஸ்கவுட்டுக்கு வேண்டிய முதல் குணம் இருக்கத்தான் செய்கிறது.

இரண்டையும் ஒரே வேலையாக நினைத்துவிடாதீர்கள். அணிக்குள் வந்துவிட்டவனைத் தேற்றுவது கோச்சின் வேலை. இன்னும் வராதவனைப் பார்த்து, நாலைந்து வருடத்தில் இவன் எப்படி இருப்பான் என்று எழுதிக் கொடுப்பது ஸ்கவுட்டின் வேலை. பேட்டிங், பவர், ஓட்டம், எறிதல், ஃபீல்டிங் என்று ஒவ்வொன்றுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார்கள். 50 என்றால், அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீகின் சராசரி. நம் வீட்டில் 50 வாங்கினால் திட்டு விழும், அங்கே அது பெரிய பாராட்டு.

போன வருடம் ரைடர்ஸ் ஃபீல்டில் ஒரு மேட்ச் பார்க்கப் போயிருந்தேன். உங்கள் ஊர் ரஃப்ரைடர்ஸ், மேஜர் லீக் அணியான டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு இரண்டு படி கீழே உள்ள டபுள்-ஏ அணிதானே. எனக்கு இரண்டு வரிசை முன்னால், கேட்சருக்கு நேர் பின்புறம், ஒருவர் மடியில் நோட்டும் கையில் ஸ்டாப்வாட்சுமாக உட்கார்ந்திருந்தார். பந்து உயரே பறந்தபோது மொத்தக் கூட்டமும் அண்ணாந்து பார்த்தது. அவர் மட்டும் பேட்டரின் பின்னங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து, முதல் பேஸில் நின்ற ஒருவன் இரண்டாம் பேஸைத் திருட, அதாவது பந்தை யாரும் அடிக்காமலே அங்கே போய்ச்சேர, ஓடினான். அவனை அவுட்டாக்க கேட்சர் அங்கே பந்தை எறிந்தார். கேட்சரின் கையுறையில் பந்து விழுந்த சத்தத்துக்கு ஒரு அழுத்து, இரண்டாம் பேஸில் இருந்தவன் அதைப் பிடித்ததும் இன்னொரு அழுத்து. இதை 'பாப் டைம்' என்பார்கள். 2 வினாடி என்றால் சராசரி, 1.9 என்றால் நல்ல கை. உங்கள் பையனுக்கு இது தெரிந்திருக்கும், கேட்டுப் பாருங்கள்.

இந்த வேலையின் மகிமையை நான் சொல்வதைவிட பக் ஓ'நீல் என்ற பெயரை அவனையே தேடிப் படிக்கச் சொல்லுங்கள். கறுப்பின வீரர்களின் தனி லீகில் ஆடியவர். சிகாகோ கப்ஸ் அணிக்கு ஸ்கவுட்டாக ஊர் ஊராகச் சுற்றி லூ பிராக் போன்ற பெரிய வீரர்களைக் கண்டெடுத்தார். 1962ல் அதே அணி கோச் ஆக்கியபோது, மேஜர் லீகின் முதல் கறுப்பினக் கோச் அவர்தான். பேட்டில் பந்து படும் ஒரு தனிச் சத்தத்தைத் தன் வாழ்நாளில் மூன்றே பேட்டர்களிடம் கேட்டதாகச் சொல்வார்: பேப் ரூத், ஜாஷ் கிப்சன், போ ஜாக்சன். காது அப்படிப் பழகியிருக்க வேண்டும்.

பழகிய கண்ணும் காதும் சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைக் பியாசாவை 1988 டிராஃப்டில், அதாவது அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாட்டில், டாட்ஜர்ஸ் அணி எடுத்தது 62ஆவது சுற்றில். அதுவும் அப்பாவின் நண்பரும் அந்த அணியின் மேனேஜருமான டாமி லசோர்டா சொன்ன முகதாட்சண்யத்துக்காக. அவருக்கு முன்னால் 1,389 பேரை எடுத்திருந்தார்கள். பிறகு அவர் கேட்சராக ஆடி பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் வரை போனார். இப்போது டிராஃப்டே 20 சுற்றுதான், ஒரு பியாசாவுக்கு அங்கே இடமில்லை.

வேலைவாய்ப்பும் அதேபோலச் சுருங்கியிருக்கிறது. மேஜர் லீக் அணிகள் 30. ஒவ்வொன்றுக்கும் கீழே முழு சீசன் ஆடும் மைனர் லீக் அணிகள் நான்கு, ஆக 120. 2021 சீரமைப்புக்கு முன், குறுகிய சீசன் ஆடும் அணிகளையும் சேர்த்து மொத்த எண்ணிக்கை இதைவிட அதிகம். 2015ல் எல்லா மேஜர் லீக் மைதானங்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவி வந்தது. எறிந்த பந்தின் சுழற்சியும் அடித்த பந்தின் வேகமும் எண்ணாகக் கிடைக்கத் தொடங்கின. சில அணிகள் ஸ்கவுட்டுகளைக் குறைத்துக்கொண்டன. மிச்சமிருக்கும், ஒரு வட்டாரத்தைக் கவனிக்கிற ஏரியா ஸ்கவுட்டின் வாழ்க்கை காரில்தான். பிப்ரவரி தொடங்கி ஜூலை டிராஃப்ட் வரை, ஒரு பையனைப் பார்க்க மூன்று மணி நேரம் ஓட்டிப் போவார். மழை பெய்து மேட்ச் நின்றுவிடும், திரும்பி ஓட்டி வருவார். கோச் வேலையும் பெரும்பாலும் வருட ஒப்பந்தம்தான். ஆரம்பச் சம்பளம், கூடப் படித்த கம்ப்யூட்டர்காரன் வாங்குவதில் பாதி வந்தாலே அதிர்ஷ்டம். கல்யாணப் பேச்சு எடுக்கும்போது இது இடிக்கும், நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்லிவைக்கிறேன்.

அப்புறம் ஏன் முழுதாக வேண்டாம் என்று சொல்லவில்லை? முன்பெல்லாம் தொழில்முறையாக ஆடியவர்களுக்குத்தான் பெரும்பாலும் கதவு திறக்கும். இப்போது அப்படி இல்லை. உங்கள் வீட்டுக்காரரிடம் ஃபர்ஹான் ஜைதியைப் பற்றிச் சொல்லுங்கள். பாகிஸ்தானியக் குடும்பம், எம்ஐடியில் பொருளாதாரம், பெர்க்லியில் முனைவர் பட்டம். 2005ல் ஓக்லாந்து அணியில் புள்ளிவிவர வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸின் பேஸ்பால் பிரிவுக்கே தலைவரானார். அதே ஜயண்ட்ஸில் 2020ல் கோச்சான அலிசா நேக்கன் என்ற பெண் கல்லூரியில் ஆடியது பேஸ்பால்கூட இல்லை, சாஃப்ட்பால்.

ஆகவே கம்ப்யூட்டரா பேஸ்பாலா என்று வீட்டில் மல்லுக்கட்ட வேண்டாம். புள்ளியியலை முதன்மைப் பாடமாக எடுத்து, பைத்தான், எஸ்க்யூஎல் என்ற கணினி மொழிகளையும் கற்கட்டும். அணிகள் கேட்பது அதைத்தான், வெளியிலும் விலைபோகும். கோச்சிங்தான் என்று பிடிவாதமாக நின்றால் உடலியக்கவியல். டெக்சாஸ் பள்ளிக் கோச்சுகள் பெரும்பாலும் ஆசிரியர்களாகவும் இருப்பதால், கற்பித்தல் சான்றிதழும் கையில் இருந்தால் நல்லது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பேஸ்பால் அணியில் மாணவர்களுக்கு டேட்டா, வீடியோ வேலை தருவார்களா என்று விசாரியுங்கள். பக்கத்திலேயே டல்லாஸ் பாப்டிஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. சின்ன இடம், ஆனால் பேஸ்பாலில் கல்லூரிப் போட்டிகளின் மேல்தட்டான முதல் டிவிஷன். கோடையில், கல்லூரி வீரர்கள் ஆடும் கேப் காட் லீகில் பயிற்சி வேலைக்கு முயற்சி செய்யலாம். ஸ்பானிஷ் வகுப்பை மட்டும் எக்காரணம் கொண்டும் விடக்கூடாது. டொமினிக்கன், வெனிசுவேலா பையன்களோடு அவர்கள் மொழியில் பேசத் தெரிந்தவனுக்கு மவுசு தனி.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு பரீட்சை. ரைடர்ஸ் ஃபீல்டுக்கு அவன் பத்து மேட்ச் போகட்டும். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு வீரனை மட்டும் பார்த்து, 20-80 மதிப்பெண் போட்டு, காரணத்தோடு ஒரு பக்கம் எழுதட்டும். போனில் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். பட்டன் வைத்த ஸ்டாப்வாட்ச் ஒன்று வாங்கிக் கொடுங்கள். முதல் மூன்று பக்கத்தை யாரும் ஆசையாக எழுதிவிடுவார்கள், அவை எனக்கு வேண்டாம். ஏழாவதையும் எட்டாவதையும் அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு உங்கள் வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன்.