ஸ்பீட்ஸ்டர் வடிவில் கட்டிய கார்: கட்டியவர் யார்?

கேள்வி: 1950-களின் போர்ஷே ஸ்பீட்ஸ்டர் வடிவில், ஃபைபர் பாடி கொண்ட கார் ஒன்று ஓசூரில் விலைக்கு வந்திருக்கிறது. ஆர்.சி.யில் ஃபோக்ஸ்வேகன் என்றிருக்கிறது. தரகரோ வெளிநாட்டு நிறுவனம் கட்டியது என்கிறார். யாரை நம்புவது?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: ஆர்.சி.யை நம்புங்கள், ஆனால் அதில் இருப்பது சேஸிஸைத் தயாரித்தவரின் பெயர் மட்டுமே. இவ்வகைக் கார்கள் பெரும்பாலும் பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் தரைச்சட்டத்தை (சேஸிஸை) நீளம் குறைத்து, அதன்மேல் ஃபைபர் பாடியைப் பொருத்திக் கட்டப்படுபவை. பாடியைக் கட்டியவரைக் காரில்தான் தேட வேண்டும்.

முதலில் பின் இருக்கைப் பகுதியில் கம்பளத்தை விலக்கி, நடுவே ஓடும் மேட்டில் அடித்துள்ள சேஸிஸ் எண்ணைப் பாருங்கள். அதன்மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிடுங்கள். 1970-களுக்கு முந்தைய பீட்டில் என்றால் 17 எழுத்து எண்ணை எதிர்பார்க்க வேண்டாம். அக்கால எண் அதைவிடச் சிறியது. அந்த இடம் அரைக்கப்பட்டோ வெல்டிங் தடத்தோடோ இருந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள். எஞ்சின் எண்ணைக் கொண்டு எதையும் முடிவு செய்ய இயலாது. பீட்டில் எஞ்சினைக் கழற்றி வேறொன்றை மாட்டுவது எளிய வேலை.

அடுத்து, முன் மூடியின் அடிப்புறத்தையும் டேஷ்போர்டின் பின்புறத்தையும் டார்ச் அடித்துப் பாருங்கள். பெயிண்ட் படாத அந்தப் பரப்பில் கண்ணாடியிழை விரித்த விதமும், பாடியை வார்த்த அச்சின் இணைப்புக் கோடும் தெரியும். அச்சில் ஒரு பள்ளமோ கோணலோ இருந்தால், அதிலிருந்து எடுத்த எல்லாப் பாடிகளிலும் அது வரும். கட்டியவர் இன்னார் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு காரின் படங்களோடு இவற்றை ஒப்பிடுவதே நம்பத்தக்க வழி.

தரகர் காட்டும் பித்தளைத் தகட்டை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள். பெயர்ப்பலகைக் கடையில் அரைமணி நேரத்தில் எந்த நிறுவனத்தின் பெயரையும் பொறித்துத் தருவார்கள். பழைய உலோகத்தின்மேல் பளபளக்கும் புதிய ரிவெட் இருந்தாலே ஐயம் கொள்ள வேண்டும். "பேப்பரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அட்வான்ஸ் கொடுங்கள்" என்று அவசரப்படுத்துபவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

நாமக்கல்லில் ஒரு லாரிக்குப் பாடி கட்டினால், பாடி விதிப்படி கட்டப்பட்டது என்று சான்றளிக்கும் படிவம் 22-ஏ-வைக் கட்டியவர் தந்தாக வேண்டும். பட்டறையில் உருமாற்றிய காருக்கு அப்படியொரு தாள் கிடைப்பதில்லை. கட்டியவரைப் பதிவு செய்ய வழி வைக்காமல், வாங்கியவரை மட்டும் அலைக்கழிக்கும் இந்த முறை எத்தனை காலம் தொடரும் என்று தெரியவில்லை. தயாரிப்பாளரின் அசல் விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் கூறியிருப்பதால், கட்டியவர் யாரென்று தெரிந்தாலும் அந்தத் தடை நீங்காது. ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன், ஆர்.சி. நகலையும் பென்சில் படியையும் காரின் படங்களையும் எடுத்துச் சென்று, பெயர் மாற்றம் நடக்குமா என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள்.