விருப்பத்தைச் சொன்னன், இல்லை எண்டுட்டா: டியூசனை மாத்தவா?

கேள்வி: நான் மூதூர். ஏ.எல் பயோ படிக்க திருகோணமலை டவுனுக்கு வந்து மாமி வீட்டில நிக்கிறன். ஸ்கூலில எல்லாரும் முதலாம் ஆண்டில இருந்து ஒண்டாப் படிச்ச ஆக்கள், இன்டர்வலில எனக்கு ஆருமில்லை. டியூசனில ஒரு பிள்ளை மட்டும் நல்லாக் கதைக்கும். விருப்பத்தை மெசேஜில சொன்னன், "அப்பிடி நினைக்கேல்ல, படிப்பம்" எண்டு ஒரு ஸ்மைலியோட பதில் வந்துது. திரும்பக் கேக்கலாமா, டியூசனை மாத்தவா?

பதில்: தம்பி, திரும்பக் கேக்க வேணாம். அந்த ஸ்மைலி உங்கட மனசு நோகக் கூடாதெண்டு போட்டது, அதுக்குள்ள வேற ஒண்டும் இல்லை. "முதல்ல அப்பிடித்தான் சொல்லுவினம், விடாத மச்சான்" எண்டு ஆராவது சொன்னா கேக்காதீங்க. எங்கட ஊரில இப்பிடி ஒரு கதை வெளிய வந்தா முதல்ல டியூசன் நிப்பாட்டுறது பெட்டைக்குத்தான், பெடியனுக்கு இல்லை.

இப்ப உங்கட நோவைப் பார்ப்பம். ரெண்டு நோவு ஒண்டாக் கலந்து கிடக்குது எண்டு நினைக்கிறன். நாள் முழுக்க ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடாத இடத்தில ஒரு ஆள் மட்டும் "கெமிஸ்ட்ரி நோட்ஸ் இருக்கா" எண்டு கேட்டா மனசு அந்த ஆளில போய் ஒட்டிக்கொள்ளும், பிறகு அந்த ஆள் வேணாம் எண்டா முழு ஊரும் வேணாம் எண்ட மாதிரி இருக்கும். இது பலவீனம் இல்லை. 2003இல வந்த ஒரு ஆய்வில, கம்ப்யூட்டர் கேமில மற்றவங்கள் பந்தைப் போடாம ஒதுக்கிவிட்ட ஆக்களின்ர மூளையை ஸ்கேன் பண்ணினா, உடம்பு நோகேக்க வேலை செய்யிற பகுதி ஒண்டு அதுக்கும் வேலை செய்தது. அதோட, உணர்ச்சியை அடக்கிற மூளையின்ர முன்பகுதி இருபது வயசு தாண்டியும் வளர்ந்துகொண்டுதான் இருக்கும், அதால இந்த வயசில எல்லாம் கூடத்தான் நோகும்.

அதால முதல்ல தனிமைக்கு மருந்து பாருங்க. பத்து வருசமா ஒண்டா இருக்கிற செட்டுக்குள்ள ஒரேயடியாப் போக ஏலாது, அவங்கள் கெட்டவங்கள் எண்டில்லை, இடம் விட வேணும் எண்டு அவங்களுக்குத் தோணுறேல்ல. ஒருத்தன் போதும். கிண்ணியாவில இருந்தோ குச்சவெளியில இருந்தோ பஸ்ஸில வாறவன் ஒருத்தன் வகுப்பில இருப்பான், பிராக்டிகலுக்கு அவனோட சேருங்க, "நேற்றைய நோட்டைத் தா, போட்டோ எடுத்திட்டுத் தாறன்" எண்டு கேளுங்க, அடுத்த நாள் உங்கட நோட்டை நீட்டுங்க. பின்னேரம் டச்பே கடற்கரையில பந்தடிக்கிற இடத்துக்கு மச்சானோட போய் நில்லுங்க, ஆள் குறைஞ்சா கூப்பிடுவாங்கள்.

டியூசனை இப்ப மாத்தாதீங்க, அடுத்த டேர்ம் டெஸ்ட் வரைக்கும் பாருங்க. வாங்கை மட்டும் மாத்துங்க, எதிர்ல கண்டா சாதாரணமாச் சிரிச்சிட்டுப் போங்க, அந்தப் பிள்ளையின்ர ஸ்டேட்டஸை மியூட் பண்ணுங்க, ராவில அதைப் பார்க்கிறதுதான் காயத்தை ஆறவிடாது.

ரெண்டு கிழமைக்கு மேல நித்திரை, சாப்பாடு இல்லாமப் போனா, இல்லாட்டி வாழ வேணாம் எண்டு ஒருக்கா நினைச்சாலும், ஸ்கூல் கவுன்சிலிங் டீச்சரிட்ட போங்க. ராவெண்டாலும் 1926க்கு அடியுங்க, தேசிய மனநல நிறுவனத்தின்ர லைன், தமிழில கதைக்கலாம். மாமிக்குச் சொல்லிப்போட்டுத்தான் எடுக்க வேணும் எண்டும் இல்லை.