90 பி.எஸ்.ஐ.யும் மூன்று முகங்களும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெல்பர்னில் 1982 மாஸ்டா ஆர்எக்ஸ்-7 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 12ஏ ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழல்வது), கார்பரேட்டர் வண்டி. பதினோரு வருடமாக ஷெட்டை விட்டு நகரவில்லை. மெக்கானிக், எஞ்சினுக்குள் உண்டாகும் அழுத்தத்தைக் காட்டும் கம்ப்ரெஷன் கேஜ் வைத்துப் பார்த்து, "இரண்டு ரோட்டரிலும் 90 பி.எஸ்.ஐ.தான், எஞ்சின் போச்சு" என்கிறார். விற்பவரோ, புது பேட்டரி போட்டால் இன்றே ஓடும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இருவர் பேச்சையும் ஓரமாக வையுங்கள்.

பிஸ்டன் எஞ்சினில் 90 என்றால் கவலைதான். ஆனால் 12ஏ-வுக்கு மாஸ்டா சொல்லும் கீழ் எல்லையே 250 ஆர்.பி.எம்.மில் சதுர செ.மீ.க்கு 6 கிலோ, அதாவது சுமார் 85 பி.எஸ்.ஐ. அதற்காக 90-ஐப் பார்த்துச் சந்தோஷப்படவும் முடியாது. ரோட்டருக்கு மூன்று முகங்கள். மூன்றும் மாறி மாறி அதே பிளக் துளையைக் கடக்கின்றன. சாதாரண கேஜில் உள்ள வால்வு, அவற்றில் அதிகமான அழுத்தத்தைப் பிடித்துவைத்து அதை மட்டும் காட்டும். ரோட்டரின் முனைகளில் இருக்கும் ஏபெக்ஸ் சீல்களில் ஒன்று உடைந்தால் அதன் இருபுறமும் உள்ள அறைகள் காற்றை விட்டுவிடும், மூன்றாவது அறை நன்றாகவே இருக்கும். கேஜ் சொல்வது அந்த மூன்றாவதின் கதையை.

எனவே மறுபடி சோதியுங்கள். மெக்கானிக்கின் சோதனையில் ஸ்டார்ட்டர் சுற்றியதால் எஞ்சின் இறுகவில்லை என்று தெரிகிறது. ஆனாலும் இத்தனை வருடம் காய்ந்து கிடந்ததை அப்படியே சுற்றியது தவறு. சீல்கள் துருவிலும் கரியிலும் ஒட்டியிருக்கும். வலிந்து இழுத்தால் சீலின் முனை பெயர்ந்து ரோட்டர் சுழலும் கூடான ஹவுசிங்கின் குரோம் பூச்சைக் கீறிவிடும். சீல் வாங்கிவிடலாம், நல்ல 12ஏ ஹவுசிங் கிடைப்பதுதான் கஷ்டம்.

நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். சிரிஞ்சில் சிறு குழாய் மாட்டி, ஒவ்வொரு ரோட்டரிலும் 5 மி.லி. ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் விடுங்கள்; கியர் ஆயில் அல்ல. முன்புல்லி போல்ட்டில் 19 எம்.எம். சாக்கெட் போட்டு, முன்னாலிருந்து பார்க்க வலஞ்சுழியாக ஒரு முழுச் சுற்று. இப்போது அடுத்த முகம் வந்திருக்கும், ஏனென்றால் ஷாஃப்ட் மூன்று சுற்றினால்தான் ரோட்டர் ஒரு சுற்று. மறுபடி 5 மி.லி.; மூன்று முறை. இரண்டு நாள் ஊறட்டும். தடை தெரிந்தால் நிறுத்துங்கள், நெம்புகோலை நீட்டாதீர்கள்.

பிறகு ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பெட்ரோல் பம்ப், இக்னிஷன் இரண்டின் இணைப்பையும் எடுத்துவிட்டு, ஆயில் பிரஷர் முள் எழும்வரை பிளக் இல்லாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். இனி கேஜ். அதன் நுனியில் டயர் வால்வு போல இருக்கும் ஊசியைக் கழற்றிவிட்டு, மேல் பிளக்குகளைத் திரும்பப் போட்டு, கேஜைக் கீழ் பிளக் துளையில் மாட்டி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திச் சுற்றினால் முள் துள்ளும். எண்ணைப் பார்க்க வேண்டாம், தாளத்தைப் பாருங்கள். மூன்றும் சமம் என்றால் நல்லது. ஒன்று மட்டும் சோர்ந்தால் பெரும்பாலும் கரியில் ஒட்டிய சைடு சீல், அதாவது ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சீல். ஓட ஓட விடுபடக்கூடும். இரண்டு சோர்ந்து ஒன்று மட்டும் எகிறினால் ஏபெக்ஸ் சீல், எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். எண்ணும் வேண்டுமென்றால் ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் தேவை, முகங்களுக்கிடையே 1.5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது.

பழைய பெட்ரோலில் ஒரு துளியும் எஞ்சினுக்குப் போகக்கூடாது. டாங்கைக் காலிசெய்து கழுவி, ஹோஸ்களையும் ஃபில்டரையும் மாற்றி, கார்பரேட்டரைப் பிரித்துப் புது கேஸ்கெட், புது நீடில் வால்வு போடுங்கள். கார்பரேட்டருக்குள் பெட்ரோலைத் திறந்து மூடும் இந்த நீடில் வால்வு திறந்தபடி ஒட்டிக்கொண்டால் பெட்ரோல் வழிந்து சீல்மேல் உள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். எண்ணெய் போனால் கம்ப்ரெஷனும் போகும், எஞ்சின் பிடிக்காது. விற்பவர் சொன்னபடி பேட்டரி மட்டும் போட்டால் நடப்பது இதுதான். அப்படி ஆனால் பம்ப்பை நிறுத்தி, பிளக் கழற்றிச் சுற்றி, ரோட்டருக்குச் சில மி.லி. எண்ணெய் விட்டு மறுபடி முயலலாம். சீல்களுக்குச் சிறிது சிறிதாக எண்ணெய் அனுப்பும் ஆயில் மீட்டரிங் பம்பின் பழைய குழாய்கள் நொறுங்கும் என்பதால், முதல் சில டாங்குக்கு லிட்டருக்கு 10 மி.லி. டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்துகொள்ளுங்கள்.

முதல்முறை பிடித்ததும் தெருவே நீலப்புகையில் மூழ்கும். பயப்படாமல், எஞ்சின் முழுக்கச் சூடேறும்வரை அணைக்காதீர்கள். பிரேக், கிளட்ச் ஹைட்ராலிக் வேலையெல்லாம் முடியாமல் சாலைக்குப் போகவேண்டாம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பணம் கொடுக்குமுன் பார்க்கவேண்டியது வேறொன்று: ஹவுசிங்குகளுக்கு நடுவே, கூலன்ட் உள்ளே கசியாமல் தடுக்கும் வாட்டர் சீல். நின்ற வண்டியில் கம்ப்ரெஷன் நன்றாக இருந்தும் இது போயிருக்கும். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலோ, இனிப்பு வாசனையோடு வெள்ளைப்புகை நிற்காமல் வந்தாலோ, மறுநாள் காலை பிளக்கில் கூலன்ட் ஈரம் இருந்தாலோ, எஞ்சின் இல்லாத வண்டியின் விலைக்குக் கேளுங்கள்.