கடற்பசு மீன் தின்னுமா?

கொழும்புக் கடற்கரையான காலிமுகத்திடலில் நின்று உங்கள் மகள் இப்படிக் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். இல்லை, கடலில் வாழும் பாலூட்டியான கடற்பசுவின் முக்கிய உணவு கடற்புல்தான். இது பாசி இல்லை. வேரும் பூவும் உள்ள தாவரம். கீழ்நோக்கி வளைந்த தடித்த மேலுதட்டால் மணலைக் கிளறி, மாச்சத்து நிறைந்த வேர்த்தண்டோடு பிடுங்கித் தின்னும். ஒரு நாளைக்கு 40 கிலோ வரைகூட! மேய்ந்த இடத்தில் வாய்க்கால் போல நீண்ட தடம் விழும், பார்க்க அவ்வளவு அழகு. பெயரில்தான் பசு, அசைபோடாது. நீண்ட பெருங்குடலில் நுண்ணுயிர்கள் நாரைச் செரிக்க வைக்கின்றன.

சரி, கொழும்பில் பார்க்கலாமா? கஷ்டம். மன்னார், பாக்கு நீரிணைப் பக்கம்தான் மேய்ச்சல். கடலடியோடு இழுக்கும் இழுவைமடி வலை அந்தப் புல்லை வேரோடு அரித்துவிடும். இலங்கை இழுவைமடியை 2017இல் தடைசெய்தது எனக்குப் பெரிய ஆறுதல்.