ஸ்டீலை மாற்றலாமா, சாணை பிடித்தால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான்கு வருடமாக ஒரே ஸ்கேட்ஸில் ஐஸ் ஹாக்கி ஆடுகிறேன், வாரம் இரண்டு நாள். கொஞ்ச நாளாக இடப்பக்கம் வளைந்து திரும்பும்போது வலது கால் வழுக்கிவிடுகிறது. வலப்பக்கம் திரும்பினால் ஒன்றும் இல்லை. அணியில் ஐந்தாறு பேர் கறுப்புப் பூச்சு போட்ட ஸ்டீலுக்கு, அதாவது பிளேடுக்கு, மாறிவிட்டார்கள். "நீயும் மாற்று, எல்லாம் சரியாகிவிடும்" என்கிறார்கள். பூட் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். முதலில் அந்த வலது ஸ்கேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள்.

பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். இடப்பக்கம் திரும்பும்போது வலது கால் தன் உள்விளிம்பில் நிற்கிறது. வலப்பக்கம் திரும்பும்போது அதே கால் வெளிவிளிம்பில் நிற்கிறது. வெளிவிளிம்பு ஐஸைப் பிடிக்கிறது, உள்விளிம்பு விட்டுவிடுகிறது. ஸ்டீலின் தரம்தான் காரணம் என்றால் இரண்டு காலிலும் இரண்டு விளிம்பும் மழுங்கியிருக்க வேண்டும். நான்கு விளிம்பில் ஒன்று மட்டும் மக்கர் செய்கிறது என்றால், அந்த விளிம்புக்கு மட்டும் ஏதோ நடந்திருக்கிறது.

என்ன நடந்திருக்கும்? பிளேடின் அடிப்பக்கம் தட்டையாக இருக்காது. நடுவில் நீளவாக்கில் ஒரு குழிவு ஓடும், அதற்குப் பெயர் ஹாலோ. அதன் இரு கரைகள்தான் நாம் சொல்லும் விளிம்புகள். அரை அங்குல ஹாலோ என்று கேட்டுச் சாணை பிடித்துக்கொள்கிறோமே, அது அரை அங்குல ஆரமுள்ள ஒரு வட்டத்தின் சின்னத் துண்டு. ஆட்டக்காரர் பிளேடின் அகலம் சுமார் 3 மில்லிமீட்டர். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் குழிவின் ஆழம் 0.09 மில்லிமீட்டர்கூட வராது. இவ்வளவு மெல்லிய பள்ளம் ஒரு மயிரிழை பக்கம் தள்ளி விழுந்தாலும் போதும், ஒரு விளிம்பு உயர்ந்து இன்னொன்று தாழ்ந்துவிடும். தாழ்ந்த விளிம்பை எவ்வளவு கூர்மையாக்கினாலும் அது சரியாகப் பிடிக்காது.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். ஸ்கேட்டைக் கவிழ்த்து இரண்டு முழங்காலுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள். பிளேடின் மேல் குறுக்காக ஒரு தட்டையான நாணயத்தை வைத்து, முனையிலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பாருங்கள். நாணயமும் பிளேடும் நேர்செங்கோணத்தில் நிற்க வேண்டும். நாணயம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் விளிம்புகள் சமமாக இல்லை. முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடத்தில் வைத்துப் பாருங்கள். சில சமயம் நடுவில் சரியாக இருந்து குதிகால் பக்கம் மட்டும் சாய்ந்திருக்கும்.

அப்புறம் கட்டைவிரல் நகத்தை விளிம்பின் குறுக்கே மெதுவாக இழுங்கள், நீளவாக்கில் வேண்டாம். கூர்மையான இடத்தில் நகம் லேசாகச் சீவப்படும். மழுங்கிய இடத்தில் வெறுமனே நழுவும். உள்விளிம்புதான் அதிகம் அடிபடும். தள்ளுவதும் நிற்பதும் பெரும்பாலும் அதில்தான், கோல் கம்பத்திலும் அடுத்தவர் பிளேடிலும் மோதுவதும் அதுதான். ஒரே ஒரு சின்னக் கொத்து விழுந்திருந்தாலும் திரும்பும்போது கால் போய்விடும்.

விளிம்பு இரண்டும் சமமாக இருந்து, கொத்தும் இல்லை என்றால், ஸ்டீலைப் பூட்டின் அடியில் தாங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் ஹோல்டரைப் பாருங்கள். பூட்டை ஒரு கையாலும் ஹோல்டரை மறுகையாலும் பிடித்து முறுக்குங்கள். அசைந்தால் ரிவெட் தளர்ந்திருக்கிறது. பிளாஸ்டிக்கில், முக்கியமாக ரிவெட்டைச் சுற்றி, வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்டீல் ஹோல்டருக்குள் ஆடுகிறதா என்றும் பாருங்கள். நான்கு வருடத்தில் இதில் ஏதாவது ஒன்று நடந்திருந்தால் ஆச்சரியமில்லை.

இவ்வளவு விரிவாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் 18 வருடமாகச் சாணை மெஷின் முன்னால் நிற்பவள். அதற்கு முன்னால் உங்களைப் போல வெறும் ஆட்டக்காரி, தற்காப்பு வரிசையில் ஆடுவேன். ஒரு சீசன் முழுக்க இடது கால் நழுவிக்கொண்டே இருந்தது. பின்னோக்கிப் போய்க்கொண்டே திரும்பும்போதெல்லாம் விழுவேன், என்னைத் தாண்டிக்கொண்டு எதிரணிக்காரர் கோலை நோக்கிப் போவார். ஸ்டீல் சரியில்லை என்று முடிவுகட்டி, சேர்த்துவைத்த பணத்தில் கிடைத்ததிலேயே விலை கூடியதை வாங்கினேன். போட்டுக்கொண்டு ஐஸில் இறங்கினால் அதே கால், அதே வழுக்கல். அன்றைக்கு வண்டியில் உட்கார்ந்து அழுதேன்.

விஷயம் என்னவென்றால், புது ஸ்டீல் பெரும்பாலும் சாணை பிடிக்காமல்தான் வரும். நான் அதையும் வழக்கமாகப் போகும் அதே இடத்தில்தான் கொடுத்திருந்தேன். அந்த மெஷினில் பிளேடைப் பிடிக்கும் கிளாம்பின் உயரம் கல்லின் நடுவோடு பொருந்தவில்லை. வைரமுனையால் கல்லை வளைவாகச் சீவியது சரிதான், ஆனால் அந்த வளைவின் நடு பிளேடின் நடுவில் விழவில்லை. பழைய ஸ்டீலும் புது ஸ்டீலும் ஒரே தப்போடு வெளியே வந்தன. வேறொருவர் நாணயத்தை வைத்துக் காட்டியபோதுதான் புரிந்தது. சாணை பிடிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிடத்தில்தான்.

அதனால் உங்களுக்கு நான் சொல்வது இதுதான். இருக்கிற ஸ்டீலை வேறொருவரிடம் கொடுத்து, "விளிம்பு சமமாக இருக்கிறதா என்று அளந்து காட்டுங்கள்" என்று கேட்டுச் சாணை பிடியுங்கள். நல்ல சாணைக்காரர் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார், தானாகவே அளவுகோலை எடுத்து வைத்துக் காட்டுவார். பிறகு மூன்று நான்கு தடவை ஆடிப் பாருங்கள்.

கேள்வி: சரி, அப்படியானால் எப்போதுதான் ஸ்டீலை மாற்ற வேண்டும்? (இதே வாசகர், அடுத்த கடிதத்தில். விளிம்பு சாய்ந்துதான் இருந்ததாம். இப்போது வழுக்கவில்லையாம்.)

பதில்: ரொம்பச் சந்தோஷம்.

மாற்ற வேண்டிய முதல் காரணம் உயரம். ஒவ்வொரு சாணையும் கொஞ்சம் இரும்பைத் தின்கிறது. கொத்து விழுந்த பிளேடு என்றால் அதை எடுக்க இன்னும் கூடுதலாகத் தேய்க்க வேண்டும். அதே மாடல் புது ஸ்டீலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும். உயரம் குறையக் குறைய, நீங்கள் சாய்ந்து திரும்பும்போது ஹோல்டரின் பிளாஸ்டிக்கோ பூட்டின் ஓரமோ ஐஸில் உரசும். உரசிய கணத்தில் விளிம்பு ஐஸைவிட்டு எழும்பிவிடும், கால் பறிபோகும். வேகமாக, ஆழமாகச் சாய்ந்து ஆடுகிறவர்களுக்கு உயரமான ஸ்டீல் தரும் லாபம் நிஜமானது. இந்த ஒரு விஷயத்துக்காக மாற்றுகிறேன் என்று யார் வந்தாலும் நான் தடுப்பதில்லை.

இரண்டாவது, விளிம்பு நிற்கும் காலம். கடினமான ஸ்டீல் மெதுவாக மழுங்கும். முன்பெல்லாம் ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை சாணைக்கு வந்துகொண்டிருந்தவர் இப்போது இரண்டு ஆட்டத்துக்கு ஒருமுறை வருகிறார், வேறு எந்தக் கோளாறும் இல்லை என்றால், யோசிக்கலாம்.

மூன்றாவது காரணத்தைப் பலர் நினைப்பதே இல்லை. அதுதான் பிளேடின் நீளவாக்கு வளைவு, அதாவது ப்ரொஃபைல். பக்கவாட்டில் பார்த்தால் பிளேடு நேர்கோடாக இருக்காது, படகின் அடி போல மிக லேசாக வளைந்திருக்கும். 9 அடி, 10 அடி, 11 அடி ஆரம் என்று சொல்வார்கள். ஆரம் சிறியதானால் ஐஸில் படும் நீளம் குறையும், சட்டென்று திரும்பலாம். ஆரம் பெரியதானால் நிலையாக நிற்கும், நேராகப் போகும்போது வேகம் தங்கும். கையால் பல வருடம் சாணை பிடிக்கும்போது முன்முனையும் பின்முனையும் அதிகம் தேய்ந்து இந்த வளைவு மெல்ல மாறிவிடும். உங்கள் உடம்பும் அதற்கேற்ப மெல்ல மாறியிருக்கும். புது ஸ்டீலைப் போட்டதும் முன்னால் தள்ளுவது போலவோ பின்னால் சாய்வது போலவோ இருப்பது இதனால்தான். அது ஸ்டீலின் குறை என்று நினைத்து உடனே கழற்றிவிடாதீர்கள். இரண்டு மூன்று ஆட்டம் பொறுங்கள்.

உங்கள் விஷயத்தில்? நான்கு வருட ஸ்டீல், வாரம் இரண்டு நாள். உயரம் பாதிக்கு மேல் போயிருந்தால் மாற்றுங்கள். கூடவே பழைய ஜோடியைத் தூக்கி எறியாமல், சாணை பிடித்துப் பையில் வைத்திருங்கள். ஆட்டத்தின் நடுவில் கொத்து விழுந்தால் அதுதான் காப்பாற்றும். வாங்கும்போது ஹோல்டரில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 272, 280, 288 என்று மில்லிமீட்டரில் இருக்கும். அது பூட்டின் சைஸ் எண் கிடையாது. ஒரு கம்பெனி ஸ்டீல் இன்னொரு கம்பெனி ஹோல்டரில் அப்படியே உட்காராது. ஒரே கம்பெனியிலும் பழசு புதுசு பொருந்தாமல் போகும். பாவர் கம்பெனி ஸ்கேட்டில் விசையை அழுத்திக் கழற்றும் எட்ஜ் ஹோல்டருக்கான ஸ்டீல், உள்ளங்கால் அட்டைக்குக் கீழே போல்ட் போட்டு இறுக்கும் பழைய ஹோல்டரில் போகாது.

கேள்வி: கறுப்புப் பூச்சு நிஜமாகவே ஏதாவது செய்கிறதா? ஒரு சாணையிலேயே போய்விடாதா?

பதில்: அடிப்பக்கத்தில் இருப்பது முதல் சாணையிலேயே போய்விடும். பக்கவாட்டுச் சுவர்களில் இருப்பது நிற்கும். விளிம்பு என்பது அடிக் குழிவும் பக்கச் சுவரும் சந்திக்கும் கோடுதானே, சுவரில் கடினமான பூச்சு இருந்தால் அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் முட்டுக் கொடுத்தது போல ஆகும். துருவும் சீக்கிரம் ஏறாது. ஆனால் ஆடத் தெரியாத திருப்பத்தை அது ஆடவைக்காது. இன்னொன்று, சாணைக்குப் பின் பிசிறு எடுக்கும்போது முரட்டுக் கல்லால் பக்கங்களைத் தேய்த்தால் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடுவோம். மென்மையான கல்லோ தோல் பட்டையோ போதும். கறுப்பு ஸ்டீல் வைத்திருப்பவர்கள் சாணைக்காரரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. அணித்தோழி வைத்திருப்பது போன்ற ஸ்டீல் வேண்டும் என்று தினமும் கேட்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா அம்மா?

பதில்: வேண்டாம்மா. அவள் கால் வளர்கிறது. பூட் சைஸ் மாறினால் ஹோல்டர் நீளமும் மாறிவிடும், அந்த ஸ்டீலை அடுத்த ஜோடிக்குக் கொண்டுபோக முடியாமல் போகலாம். அதற்குப் பதிலாக அவளுடைய ஹாலோவைக் கவனியுங்கள். எடை குறைந்த குழந்தைகள் ஐஸில் ஆழமாக அழுந்த மாட்டார்கள், அதனால் பெரியவர்களுக்கான ஆழமற்ற ஹாலோவில் அவர்களுக்குப் பிடிப்பே இருக்காது. அரை அங்குலத்தில் வழுக்குகிறாள் என்றால் 3/8 அங்குலம் போட்டுப் பாருங்கள். எண் சிறியதானால் குழிவு ஆழம், பிடிப்பு அதிகம். எண் பெரியதானால் சறுக்கல் சுலபம், பிடிப்பு குறைவு. நிற்கும்போது பிளேடு கடித்துக்கொண்டு அவள் முன்னால் குப்புற விழப் பார்த்தால் ஆழம் கூடிவிட்டது என்று அர்த்தம், திரும்ப அரைக்கு வாருங்கள்.

சாணை பிடித்த அன்று அவளையே நாணயம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். என்னிடம் வரும் சிறுவர் சிறுமியர் இதை ஒரு விளையாட்டாகவே செய்கிறார்கள். நேராக நிற்கிறது என்று கத்தும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் கோல்கீப்பர். மேலே சொன்னதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

பதில்: நாணயச் சோதனை அப்படியே பொருந்தும். உங்கள் பிளேடு அகலமானது, சுமார் 4 மில்லிமீட்டர். வளைவும் ஆட்டக்காரர்களுடையதைவிடத் தட்டையாக இருக்கும். உயரமான ஸ்டீலால் மற்ற எல்லோரையும்விட லாபம் அடைபவர் நீங்கள்தான். முழங்காலில் இருந்து பக்கவாட்டில் தள்ளும்போது உங்கள் கால் மிகவும் சாய்ந்த கோணத்தில் இருக்கிறது. பிளேடு உயரமாக இருந்தால் அந்தக் கோணத்திலும் விளிம்பு ஐஸை எட்டும். தள்ளும்போது கால் அடிக்கடி வெறுமனே நழுவுகிறது, விளிம்பும் கூர்மையாக, சமமாகத்தான் இருக்கிறது என்றால் தயங்காமல் மாற்றுங்கள்.

கேள்வி: புது ஸ்டீல் போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது, அதற்குள் புள்ளி புள்ளியாகத் துரு. மோசமான சரக்கா?

பதில்: பையைத் திறந்து பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் கடினமான பிளாஸ்டிக் உறையை மாட்டி அப்படியே பைக்குள் போட்டிருப்பீர்கள். அந்த உறை ஐஸுக்கு வெளியே நடப்பதற்கு மட்டும்தான். அதற்குள் தேங்கும் ஈரம் நல்ல ஸ்டீலையும் துருப்பிடிக்க வைத்துவிடும். ஐஸைவிட்டு வந்ததும் உலர்ந்த துணியால் துடையுங்கள், ஹோல்டருக்கும் ஸ்டீலுக்கும் இடையிலுள்ள இடுக்கையும் சேர்த்து. பிறகு துணி உறையை மாட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் அதையும் கழற்றி, ஸ்கேட்ஸை வெளியே காற்றாட வையுங்கள். இப்போது இருக்கும் புள்ளிகள் விளிம்பில் இல்லாமல் சுவரில் மட்டும் இருந்தால் கவலை இல்லை. விளிம்பில் இருந்தால் அடுத்த சாணையில் போய்விடும்.