மிதக்கும் கவச வண்டிகள்: வாசகர் கேள்வி - பதில்

தரையில் ஓடி, அப்படியே ஆற்றிலோ கடலிலோ இறங்கி நீந்தும் ராணுவ வண்டிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

இருபது டன்னுக்கு மேல் எடையுள்ள கவச வண்டி எப்படி மிதக்கிறது? பார்த்தால் பெட்டி மாதிரிதானே இருக்கிறது, படகு வடிவமே இல்லையே?
- விருதுநகர் வாசகர்

பெட்டியாக இருப்பதுதான் அதன் பலம். தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கினால் எதுவும் மிதக்கும். கடலிலிருந்து கரையேறிப் போரிடும் அமெரிக்க மரைன் படை 1972 முதல் பயன்படுத்திய ஏஏவி-7 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் சுமார் 7.9 மீட்டர், அகலம் 3.3 மீட்டர். அந்த அளவில் ஒரு பெட்டி ஒரு மீட்டர் ஆழம் அமிழ்ந்தால் ஏறக்குறைய 26 டன் தண்ணீரை விலக்கும். ஆட்களும் சுமையும் ஏறிய வண்டியின் எடையும் கிட்டத்தட்ட அதுதான். சங்கிலிச் சக்கரம் ஓடும் பக்கவாட்டு இடங்களில் தண்ணீர் புகுந்துவிடுவதால் நிஜத்தில் இன்னும் ஆழமாகவே அமிழும். அதனால்தான் கடலில் போகும்போது கூரையும் அதற்குக் கீழே ஒரு பட்டை அளவும் மட்டும் வெளியே தெரிகின்றன.

முழுதாக மூழ்குவதற்கு முன் இன்னும் எத்தனை டன் தாங்கும் என்பதே முக்கியமான கணக்கு. படகில் இந்த மிச்சம் தாராளமாக இருக்கும், கவச வண்டியில் குறைவு. சிப்பாய்களை ஏற்றிச் செல்லும் சோவியத் பிஎம்பி-2 வண்டி 14 டன்னில் நீந்தும். ஆப்கானிஸ்தான் போருக்காக அதற்குக் கூடுதல் கவசத் தகடுகள் பொருத்தி பிஎம்பி-2டி என்று இறக்கினார்கள். ஆட்களுக்குப் பாதுகாப்பு கூடியது, நீந்தும் திறன் போய்விட்டது. நீந்தும் வண்டியின் கவசம் ஏன் இத்தனை மெல்லியதாக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

தண்ணீரில் இதைத் தள்ளுவது எது? புரொப்பல்லரா, சக்கரமா?
- காரைக்குடி வாசகர்

மூன்று வழிகளும் உண்டு. பிஎம்பி-2 தன் சங்கிலிச் சக்கரத்தாலேயே தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளி மணிக்கு 7 கி.மீ. போகும். தனிக் கருவி எதுவும் வேண்டாம் என்பது வசதி, வேகம் வராது என்பது குறை. இரண்டாம் உலகப் போரில் ஓடிய ‘டக்’ என்ற நீந்தும் லாரிக்கு ஒரு புரொப்பல்லர், வேகம் 10 கி.மீ. அளவு. 1950-களின் சோவியத் பிடி-76 டாங்கியிலும் ஏஏவி-7 வண்டியிலும் வாட்டர் ஜெட், அதாவது தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சும் கருவி. ஏஏவி-7க்குப் பின்புறம் இரண்டு ஜெட்கள் உண்டு. ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு சுமார் 53,000 லிட்டர் தண்ணீரைப் பீய்ச்சும். வேகம் மணிக்கு 13 கி.மீ. ஒரு பக்க ஜெட்டின் வாயை மறித்தால் வண்டி அந்தப் பக்கம் திரும்பும், இரண்டையும் மறித்துத் திருப்பிவிட்டால் பின்னால் நகரும். ஜெட் பழுதானால் சங்கிலிகளை ஓட்டி மெதுவாகக் கரை சேரலாம். ஆனால் இரண்டுக்கும் எஞ்சின் ஓட வேண்டும். எஞ்சின் நின்றால் வண்டி அலை தள்ளும் பக்கம் போகும், அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பிக்கொள்ளும். அதுதான் ஆபத்தான நிலை.

நம் ராணுவத்தின் ‘சரத்’ வண்டி ஆற்றைக் கடப்பதற்கு முன் என்னென்ன செய்வார்கள்?
- வேலூர் வாசகி

சரத் என்பது பிஎம்பி-2 வண்டியின் இந்தியத் தயாரிப்பு. 1980-களின் பிற்பகுதியிலிருந்து தெலங்கானாவின் மேதக் தொழிற்சாலையில் செய்யப்படுகிறது. வண்டிக் குழு மூன்று பேர், பின்னால் ஏழு சிப்பாய்கள்.

முதல் வேலை அடிப்பகுதியில். தண்ணீர் வடிப்பதற்கான திருகு மூடிகள் அத்தனையும் இறுக்கமாக இருக்கின்றனவா என்று கையால் பார்க்க வேண்டும். பழுது பார்த்தபின் ஒரு மூடியைப் போட மறப்பது எந்த நாட்டு ராணுவத்திலும் நடக்கக்கூடிய தவறு. ஆற்றின் நடுவில்தான் அது தெரியவரும். அடுத்து பின்கதவுகளின், கூரை ஹேட்ச்களின் (ஆள் ஏறி இறங்கும் திறப்பு மூடிகளின்) ரப்பர் சீல். சீலில் மணலோ வைக்கோல் துணுக்கோ ஒட்டியிருந்தால் துடைக்க வேண்டும், வெடித்திருந்தால் மாற்ற வேண்டும். பின்கதவுகளுக்குள்ளேயே டீசல் டேங்க் இருப்பதால் அவை கனமானவை. கீல் தளர்ந்தால் கதவு சரியாக உட்காராது, சீல் புதிதாக இருந்தும் பயன் இல்லை.

பிறகு பில்ஜ் பம்ப், அதாவது உள்ளே சேரும் தண்ணீரை வெளியேற்றும் பம்ப். கரையிலேயே ஓட்டிப் பார்த்து, அதன் வாயை அடைக்கும் குப்பை, கந்தல் துணி, தோட்டா உறை எல்லாவற்றையும் பொறுக்கி எடுக்க வேண்டும். காற்றுக் குழாயை உயர்த்த வேண்டும். கடைசியாக முன்பக்கத்து அலைத்தகட்டை நிமிர்த்த வேண்டும். அது இல்லாமல் நீரில் வேகமெடுத்தால் மூக்கு அமிழ்ந்து, தண்ணீர் ஓட்டுநரின் ஹேட்ச் மேல் ஏறும்.

ஆற்றின் ஓட்டத்தை அளப்பதைச் சிலர் சடங்காகச் செய்கிறார்கள், அது கூடாது. இந்த வண்டிக்கு விநாடிக்கு 1.2 மீட்டர் ஓட்டம் வரைதான் அனுமதி. வண்டியின் வேகம் விநாடிக்கு சுமார் 1.9 மீட்டர். 100 மீட்டர் அகல ஆற்றை நேராகக் கடக்க 52 விநாடி ஆகும். அதற்குள் ஓட்டம் 60 மீட்டருக்கு மேல் கீழே இழுத்துவிடும். ஆகவே ஏறும் துறை இறங்கும் துறைக்கு நேரெதிரே இருக்கக் கூடாது, அந்த அளவு தள்ளிக் கீழே இருக்க வேண்டும்.

இறங்குவது கீழ் கியரில், கரைக்குச் செங்குத்தாக, நடுவில் நிறுத்தாமல். சாய்வாக இறங்கினால் ஒரு பக்கம் முதலில் மிதந்து வண்டி சரியும். பலரும் இறங்குவதற்குத்தான் பயப்படுகிறார்கள், சிக்கல் பெரும்பாலும் ஏறுவதில் வரும். பாதி எடை மிதப்பிலேயே இருக்கும்போது சங்கிலிக்கு மண்ணில் பிடி கிடைக்காது. முதல் இரண்டு மூன்று வண்டிகள் ஏறியதும் கரை சேறாகக் குழைந்துவிடும். அதனால் இழுவைக் கம்பியைத் தண்ணீரில் இறங்கும் முன்பே முன்கொக்கியில் மாட்டி, மறுமுனையைக் கூரை மேல் கைக்கு எட்டும்படி வைத்துவிட வேண்டும். நீருக்குள் கைவிட்டுக் கொக்கி தேடுவது நடக்கிற காரியமில்லை.

2020-ல் கலிஃபோர்னியா கடலில் ஒரு வண்டி மூழ்கி ஒன்பது பேர் இறந்தார்களே, அவ்வளவு பெரிய படையில் அது எப்படி நடந்தது?
- தூத்துக்குடி வாசகர்

2020 ஜூலை 30, சான் கிளமென்டே தீவு. பயிற்சி முடிந்து கப்பலுக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஏஏவி-7 வண்டியில் 16 பேர். எட்டு மரைன்களும் ஒரு கடற்படை வீரரும் இறந்தார்கள். வண்டி 117 மீட்டர் ஆழத்தில் கிடந்தது.

தண்ணீர் ஒரே ஓட்டை வழியாக வரவில்லை. முகப்பு விளக்குப் பகுதியிலும், எஞ்சினுக்குக் காற்று போகும் அறையின் மூடிகளிலும், சரக்கு ஹேட்ச் சீல்களிலும் கசிந்தது. கசிவு மட்டும் என்றால் பம்புகள் சமாளித்திருக்கும். அதே நேரத்தில் டிரான்ஸ்மிஷன் (எஞ்சின் விசையைக் கடத்தும் பகுதி) ஆயில் ஒழுகிக் குறைந்துபோனது. இந்த வண்டியில் நான்கு பில்ஜ் பம்புகள். இரண்டு மின்சாரத்தில் ஓடுவன, இரண்டு ஹைட்ராலிக்கில், அதாவது ஆயில் அழுத்தத்தில் ஓடுவன. ஆயில் போனதும் ஹைட்ராலிக் பம்புகள் நின்றன, வண்டியின் உந்துவிசையும் போனது. தண்ணீரை வெளியேற்றுவதும் கரைக்குப் போவதும் ஒரே ஆயிலை நம்பியிருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் சின்னப் பழுதுகள் ஒன்று சேர்ந்தால் இப்படித்தான் ஆகும்.

உள்ளே நீர் கணுக்கால் அளவு வந்ததும் ஆட்களை வெளியேற்றியிருக்க வேண்டும். அது கெண்டைக்கால் வரை ஏறும் வரை அந்த உத்தரவு வரவில்லை. ஏன் கணுக்கால்? வண்டியின் உள்தரை பத்து சதுர மீட்டர் என்று வையுங்கள். பத்து சென்டிமீட்டர் தண்ணீர் ஒரு டன். அந்த ஒரு டன் அசையாமல் கிடக்காது. அலைக்கு அலை ஒரு பக்கமாக ஓடி, வண்டி சாயும் பக்கமே போய்ச் சேரும். கெண்டைக்கால் வரை வந்தால் மூன்று டன்னை நெருங்கும், மிச்ச மிதப்பைப் பெருமளவு தின்றுவிடும்.

பிரச்சினை தொடங்கி மூழ்கும் வரை சுமார் முக்கால் மணி நேரம் இருந்தது. பக்கத்தில் மீட்புப் படகு எதுவும் இல்லை. இருட்டில் ஹேட்சைக் காட்ட வேண்டிய அவசர விளக்குகள் எரியவில்லை. நீருக்கடியிலிருந்து வெளியேறும் பயிற்சியைச் சிலர் முடித்திருக்கவில்லை. உதவிக்கு இன்னொரு வண்டி நெருங்கியபோது இது அலைக்குப் பக்கவாட்டாகத் திரும்பியது, திறந்திருந்த கூரை ஹேட்ச் வழியாக ஒரு பெரிய அலை உள்ளே கொட்டியது. அதன்பின் சில நொடிகள்தான்.

எங்கள் கருத்தில் இதில் மன்னிக்கவே முடியாதது சீல் அல்ல, அந்த முக்கால் மணி நேரம். பழுதான வண்டியில்கூட அத்தனை பேரும் உயிரோடு வெளியே வர நேரம் இருந்தது. 2021 டிசம்பரில் அவசரத் தேவை தவிர ஏஏவி-7 கடலில் இறங்கக் கூடாது என்று மரைன் படை நிறுத்திவிட்டது. அடுத்து வந்தது எட்டுச் சக்கர ஏசிவி வண்டி. அதிலும் 2022 ஜூலையில் பெரிய கரையலையில் ஒன்று பக்கவாட்டாகச் சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை. வண்டி புதிது என்பதற்காகக் கரையலை இரக்கம் காட்டாது.

உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எப்படி இருக்கும்? மூழ்கினால் என்ன செய்யச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? என் தம்பி கடற்படைத் தேர்வுக்குப் படிக்கிறான்.
- நாகர்கோவில் வாசகி

ஏஏவி-7க்குள் முழு எண்ணிக்கை என்றால் இருபது பேருக்கு மேல், முழங்கால் முழங்காலோடு இடிக்க உட்காருவார்கள். வெளியே பார்க்க வழியில்லை. எஞ்சின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, தலைக்கருவி போட்டவருக்குத்தான் வெளியே நடப்பது தெரியும். டீசல் புகை, வெக்கை, ஆட்டம் மூன்றும் சேரும். காது ஆட்டத்தை உணர்கிறது, கண் அசையாத சுவரைப் பார்க்கிறது, மூளை குழம்பி வாந்தி வருகிறது. குமட்டல் மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பே போட வேண்டும், ஆட்டம் ஆரம்பித்தபின் போட்டால் வயிற்றில் தங்காது. வெறும் வயிறும் ஆகாது, எண்ணெய்ப் பலகாரமும் ஆகாது. வாந்தியைப் பையில் பிடிக்கச் சொல்வது சுத்தத்துக்காக மட்டும் இல்லை. தரையில் சேரும் எதுவும் பம்ப் வாய்க்குத்தான் போகும்.

மூழ்கும்போது செய்ய வேண்டியதை பயிற்சிக் குளத்தில், பெட்டிக்குள் உட்காரவைத்துக் கவிழ்த்துப் பழக்குகிறார்கள். ஹேட்ச் இருக்கும் திசையில் அசையாத ஒரு பொருளை ஒரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டும். கவிழ்ந்தபின் மேலும் கீழும் தெரியாது, அந்தக் கைதான் வழி. வண்டி புரள்வது நிற்கும்வரை காத்திருந்து, மறு கையால் பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். பிடித்த கையை விடாமல் அடுத்த கையால் அடுத்த பிடியைத் தேடிக் கை மாற்றி நகர வேண்டும். காலை உதைத்து நீந்தக் கூடாது, பின்னால் வருபவர் முகத்தில் படும். துப்பாக்கி, தலைக்கவசம், குண்டுதுளைக்காத அங்கி மூன்றையும் விட்டுவிட வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம், லைஃப் ஜாக்கெட்டை உள்ளே இருக்கும்போது ஊதவிடக் கூடாது. ஊதினால் அது ஆளைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும், கீழே குனிந்து ஹேட்சுக்குப் போக முடியாது. உடல் முழுதும் வெளியே வந்தபின்தான் கயிற்றை இழுக்க வேண்டும். தம்பிக்கு இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

சுற்றுலாத் தலங்களில் ஓடிய ‘டக்’ வண்டி போரில் இருந்ததேதானா?
- கோவை வாசகர்

அதேதான், அல்லது அதே அச்சில் செய்தது. 1942-ல் ஜெனரல் மோட்டார்ஸ் இரண்டரை டன் ராணுவ லாரியின் அடிச்சட்டத்துக்குப் படகு உடல் மாட்டிச் செய்தது. 21,000-க்கு மேல் தயாரித்தார்கள். ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடியே டயர் காற்றைக் கூட்டிக் குறைக்கலாம். தார்ச்சாலையில் 40 பவுண்டு, கடற்கரை மணலில் 10 - 12 பவுண்டு. மணலில் காற்றைக் குறைக்க மறந்தால் சக்கரம் புதைந்துவிடும், சாலைக்கு வந்தபின் ஏற்ற மறந்தால் டயர் சூடேறிக் கிழியும்.

பம்ப் ஏற்பாடு அதன் உயிர்நாடி. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள ஓட்டை விழுந்தாலும் மிதந்துகொண்டிருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் அத்தனை பெரிய ஓட்டையில் நிமிடத்துக்கு சுமார் 300 லிட்டர் உள்ளே வரும் என்று கணக்குப் போட்டால் அந்தப் பம்பின் அருமை புரியும். 1999 மே 1 அன்று அமெரிக்காவின் ஆர்கன்சா மாநில ஏரியில் ஒரு சுற்றுலா டக் மூழ்கி 13 பேர் இறந்தபோது, அந்தப் பழைய பெரிய பம்ப் கழற்றப்பட்டிருந்தது. பின்புறத்துச் சுழல் தண்டு உடலைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் இருந்த ரப்பர் உறை நழுவித் தண்ணீர் புகுந்தது. தலைக்கு மேல் கட்டியிருந்த கூடாரம் பயணிகளை உள்ளேயே மடக்கிவிட்டது. போர் வண்டியின் மேல் வெயிலுக்குக் கூரை போட்டது வசதிதான். ஆனால் வெளியேறும் வழி அதுவே என்பதை யாரும் யோசிக்கவில்லை.

நார்மண்டியில் டாங்கிகளையே நீந்தவிட்டார்களாமே?
- தஞ்சாவூர் வாசகர்

ஆமாம். இரண்டாம் உலகப் போரில் பிரான்சின் நார்மண்டிக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது நடந்தது அது. அமெரிக்க ஷெர்மன் டாங்கியைச் சுற்றி உயரமான கித்தான் திரை கட்டி, பின்னால் இரண்டு புரொப்பல்லர் மாட்டினார்கள். திரை விழுந்தால் முப்பது டன் இரும்பு கல்லாக இறங்கும். 1944 ஜூன் 6 அன்று அங்குள்ள ஒமாகா கடற்கரையில் அமெரிக்காவின் 741-வது டாங்கிப் பட்டாலியன், கரையிலிருந்து ஐந்து கி.மீ. அளவு தூரத்தில் 29 டாங்கிகளை இறக்கியது. அந்தக் கித்தான் தாங்கக்கூடியதைவிடப் பெரிய அலைகள், 27 மூழ்கின. அதே கடற்கரைக்கு வந்த 743-வது பட்டாலியனுக்கோ, கடலின் நிலையைப் பார்த்துவிட்டு, டாங்கிகளைப் படகுகளிலேயே கரை வரை கொண்டுபோக முடிவெடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை கரை சேர்ந்தன.

கடலில் போய் வந்த வண்டியை எப்படிப் பராமரிப்பார்கள்?
- ஆவடி வாசகர்

அன்றே, உப்பு காய்வதற்குள், நல்ல தண்ணீரால் கழுவுவார்கள். வெளியே மட்டும் போதாது, அடிப்பகுதிக்குள்ளும் விட்டு வடிக்க வேண்டும். அலுமினிய உடலில் எஃகு போல்ட் தொடும் இடங்களில் உப்புநீர் தங்கினால் அலுமினியம் அரிக்கும். அதனால் அந்த இடங்களில் பெயின்ட் உரிந்திருக்கிறதா என்று தேடிப் பார்ப்பார்கள். சக்கர மையங்களிலும் கியர்பாக்ஸிலும் எண்ணெயைச் சொட்டு எடுத்துப் பார்ப்பார்கள். பால் கலந்தது போல வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது, எண்ணெயோடு சீலையும் மாற்ற வேண்டும். எண்ணெயை மட்டும் மாற்றி அனுப்பினால் அடுத்த முறையும் வெளுக்கும். கிரீஸ் வைக்கும்போது பழைய கிரீஸ் முழுதும் பிதுங்கி, புதியது சுத்தமாக வெளியே தெரியும் வரை அடிக்க வேண்டும். கடைசியாகத் திருகு மூடிகளைத் திறந்தே வைத்து, ‘மூடி திறந்திருக்கிறது’ என்ற அட்டையை ஸ்டீயரிங்கில் தொங்கவிடுவது நல்ல வழக்கம்.